ஃப்ளை லைன்: அட்டையில் உள்ள எண்ணும் கையில் உள்ள எடையும்

கேள்வி: மூணாறில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். அனுமதிச் சீட்டு வாங்கி டிரௌட் பிடிப்பது என் பொழுதுபோக்கு. என்னிடம் இருப்பது எட்டரை அடி, 4-ம் நம்பர் ராடு. தம்பி இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் இருக்கிறான். அவனும் அதே அளவு ராடுதான் வைத்திருக்கிறான். அங்கே ஆற்றில் டிரௌட்டோடு கிரேலிங் என்ற மீனும் பிடிப்பார்களாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்கும் ஒரு லைன் வாங்கி வரச் சொன்னேன். கடையில் டபிள்யூ.எஃப்., டி.டி. என்று ஏதேதோ சொல்கிறார்களாம். இருவருக்கும் ஒரே லைன் ஒத்துவருமா? எதை வாங்கச் சொல்வது?

பதில்: இருவருக்கும் மிதக்கும் லைன்தான் வேண்டும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரே மாதிரி வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு டி.டி. (டபுள் டேப்பர், இரு முனையும் ஒல்லியானது), தம்பிக்கு டபிள்யூ.எஃப். (வெயிட் ஃபார்வர்ட், முன்பக்கம் கனமானது) என்பேன்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இறகும் நூலும் கட்டிப் பூச்சி போலச் செய்த ஃப்ளைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். அதனால் இங்கே எடை லைனில்தான் இருக்க வேண்டும். ராடை வளைப்பதும் ஃப்ளையைத் தூக்கிப் போவதும் லைன்தான். லைனின் நம்பர் என்பது அதன் முதல் 30 அடியின் எடை. 3-ம் நம்பர் என்றால் சுமார் 6.5 கிராம், 4-ம் நம்பர் 7.8, 5-ம் நம்பர் 9.1, 6-ம் நம்பர் 10.4. ராடில் போட்டிருக்கும் 4, அந்த 7.8 கிராமைத் தாங்கி வீசும் என்று தயாரித்தவர் சொல்வது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இன்று விற்கும் பல லைன்கள் அட்டையில் போட்ட நம்பரைவிட அரை நம்பரோ ஒரு நம்பரோ கனமாகவே வருகின்றன. விறைப்பான புது ராடுகளை எளிதாக வளைக்கவே அப்படிச் செய்கிறார்கள். அட்டையில் 4 என்று இருக்கும், எடை 5-க்குரியதாக இருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் முதல் 30 அடியின் எடையையோ தலைப்பகுதியின் (லைனின் முன்பக்கக் கனமான பகுதி) மொத்த எடையையோ கிராமிலோ கிரெயினிலோ அட்டையிலேயே போடுவார்கள். 4-ம் நம்பருக்கு 120 கிரெயின் (அதே 7.8 கிராம்), 5-ம் நம்பருக்கு 140 கிரெயின் என்பது கணக்கு. தலைப்பகுதியின் எடை மட்டும் போட்டிருந்தால் அதன் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 45 அடித் தலையின் மொத்த எடை 120-க்கு மேலே போகத்தான் செய்யும். எந்த எடையுமே போடாத லைனை வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம் உங்கள் ஓடை. சோலைக்கு நடுவே பாறைக்குப் பாறை இறங்கும் தண்ணீரில் 30 அடி லைனை யாரும் வெளியே விடுவதில்லை. ராடு நுனிக்கு வெளியே 15 அடி போனால் அதிகம். அப்போது ராடு சுமப்பது நம்பரில் சொன்ன எடையில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. ராடு வளையவே வளையாது, கையால் தள்ளித்தான் வீச வேண்டியிருக்கும். ஆகவே சின்ன ஓடை மட்டும்தான் என்றால், 4-ம் நம்பர் ராடில் 5-ம் நம்பர் லைன் போடுவது சரியான வழி. குண்டலைப் பக்கம் போல அகலமான தண்ணீரிலும் வீசுவீர்கள் என்றால் 4-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டி.டி.யா, டபிள்யூ.எஃப்.பா? டி.டி. இரண்டு முனையிலும் ஒல்லியாகி நடுவில் ஒரே பருமனாக ஓடும். டபிள்யூ.எஃப்.பில் எடையெல்லாம் முன்பக்கத் தலையில் இருக்கும், பின்னால் வருவது மெல்லிய லைன். தூரம் வேண்டும் என்றால் டபிள்யூ.எஃப்.; மெல்லிய பகுதி ராடு வளையங்கள் வழியே சரசரவென்று ஓடிப் போகும். ஆனால் 30 அடிக்குள் வீசுபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. உங்களுக்கு டி.டி. சொல்வதற்குக் காரணம் வேறு. பின்னால் மரம் அடர்ந்த இடத்தில் லைனைப் பின்னுக்கு வீச முடியாது, தண்ணீரில் கிடக்கும் லைனை அப்படியே முன்னுக்குச் சுருட்டி எறிய வேண்டும். அதற்கு முழுக்கப் பருமனான லைன் நல்லது. அதோடு, ஒரு முனை தேய்ந்து வெடித்தால் ரீலிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு விலையில் இரண்டு ஆயுள். மேல்நாட்டு முதல்தர லைன் 100 டாலரைத் தாண்டும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ரீல் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், டி.டி. அதிக இடம் பிடிக்கும்.

தம்பியின் கதை வேறு. வார்ஃப், யூர் போன்ற யார்க்‌ஷயர் ஆறுகள் அகலமானவை. கிரேலிங் டிரௌட்டின் குடும்பத்து மீன்தான், முதுகில் பெரிய பாய்த்துடுப்பு இருக்கும். ஆற்றின் அடியோரமாகக் கூட்டமாக நிற்கும், மேலே மிதக்கும் பூச்சிக்காக நேர் செங்குத்தாக எழும்பி வந்து எடுக்கும். ஃப்ளை தண்ணீரின் வேகத்தில் தானாகப் போகாமல் லைன் இழுக்கிற மாதிரி தெரிந்தால் திரும்பிப் போய்விடும். அதனால் நடு ஆற்றின் வேகமான நீர் லைனை இழுப்பதற்குள், ராடு நுனியால் லைனைத் தூக்கி, நீர் வரும் மேற்பக்கமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலை குட்டையான லைனில் இதைச் செய்யவே முடியாது. பின்னால் இருக்கும் மெல்லிய பகுதிக்கு முன்னால் உள்ள கனத்தைத் தூக்கும் வலு கிடையாது. எனவே அவருக்கு 40 முதல் 50 அடி தலையும் நீண்டு மெலியும் முன்முனையும் உள்ள 4-ம் நம்பர் டபிள்யூ.எஃப். பொருத்தம். அடியில் நிற்கிற மீனாயிற்றே, மூழ்கும் லைன் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். கனமான நிம்ஃபும் (நீருக்கடியில் வாழும் பூச்சி போன்ற ஃப்ளை) நீளமான லீடரும் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்) ஆழத்துக்குக் கொண்டுபோகும், லைன் மேலே மிதக்கட்டும்.

இன்னொன்று. வெப்பநாட்டுக்கு என்று தனியாக லைன் விற்பார்கள். இந்தியாவுக்குத்தானே என்று தம்பி அதை எடுத்துவிடப் போகிறார். அது கடற்கரை வெயிலில் குழையாமல் இருக்க விறைப்பாகச் செய்தது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் மூணாறில் அது ரீலில் இருந்த சுருளாகவே தண்ணீரில் கிடக்கும். இரண்டு பேருமே குளிர்நீர் லைன்தான் வாங்க வேண்டும்.

கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், தபால் வேண்டாம். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினாலும் 2019 டிசம்பருக்குப் பிறகு அதற்குச் சுங்கவரிச் சலுகை இல்லை.

கேள்வி: ஆன்லைனில் "டபிள்யூ.எஃப். 5, மிதக்கும் லைன்" என்று போட்டிருந்ததை வாங்கினேன். முதல் நாளே பாதி லைன் மூழ்கிவிட்டது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். மறையூரில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம். ஆனால் முதலில் ஆதாரம். நுனி மட்டும் சில அடி மூழ்கினால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். அழுக்கு படிந்தாலோ, முனை வளையத்தில் உள்நூல் வழியாக நீர் ஏறினாலோ அப்படி நடக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மறுபடி பாருங்கள். பாதி லைன் அப்போதும் மூழ்கினால் அது மிதக்கும் லைன் இல்லை. அதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முன்முனையிலிருந்து 30 அடி, அதாவது 9.14 மீட்டர் அளந்து, அந்த இடத்தில் மடித்துப் பிடித்து, நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். 5-ம் நம்பருக்கு 8.7 முதல் 9.5 கிராம் வரை ஏற்கலாம். 6 கிராமோ 12 கிராமோ காட்டினால் அட்டையில் போட்டிருப்பதே தவறு.

பிரித்த பாக்கெட் என்ற சாக்கு இங்கே செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்து வைக்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் அவர்கள்தான் இடுக்கிக்கு வர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறை என்றால் அதுவும் உங்கள் பக்கத்துக்கு வலு.

கேள்வி: தேவிகுளத்தில் மழைக்காலத்தில் அட்டைப்பூச்சித் தொல்லை தாங்காது. காலில் பூச்சிவிரட்டி தடவுகிறேன். லைன் பிசுபிசுப்பாகி வெடிக்கிறது. மட்டமான லைன் வாங்கிவிட்டேனா?

பதில்: லைன் மேல் சந்தேகம் வேண்டாம், பூச்சிவிரட்டியின் மூலப்பொருளைப் பாருங்கள். டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் அதுதான் காரணம். பெரும்பாலான லைன்களின் மேல்பூச்சு பி.வி.சி.; டீட் அதைக் கரைத்துவிடும். முகத்துக்குப் போடும் சன்ஸ்கிரீனும் கெடுக்கும். அட்டைப்பூச்சிக்குத் துணியில் தைத்த நீள உறையை முழங்கால்வரை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பழைய வழியாக உப்போ புகையிலையோ பயன்படுத்துங்கள். பூச்சிவிரட்டிதான் வேண்டும் என்றால் தடவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் லைனைத் தொடவே கூடாது. வெடித்த லைன் சரியாகாது. அடுத்து வாங்கும்போது பாலியூரிதேன் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அது இந்த ரசாயனங்களை இன்னும் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: லைன் எந்த கலரில் வாங்கலாம்? பளிச்சென்ற ஆரஞ்சு மீனை விரட்டுமா?

பதில்: லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே 9 அடி லீடர் இருக்கும்போது கலர் பெரிய பிரச்சினை இல்லை. மீனின் தலைக்கு மேல் லைனின் நிழல் விழுந்தால் எந்தக் கலரும் விரட்டும். தெளிந்த, ஆழமில்லாத ஓடைக்கு வெளிர்பச்சை எடுங்கள். கண் சற்று மங்கலானவர்கள் தயங்காமல் பளிச்சென்றதை வாங்கலாம்.