நெட்ஃபிளிக்ஸும் கட்டணம் கட்ட வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டு பிராட்பேண்ட் இணைப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறேன், நெட்ஃபிளிக்ஸுக்குத் தனியாகச் சந்தாவும் கட்டுகிறேன். இதற்கு மேல் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவை தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றனவாமே. இவர்களுக்குள் கணக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது? (திருச்சி வாசகர்)

பதில்: இணையம் என்பது தனித்தனி உரிமையாளர்களைக் கொண்ட பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு. அவை ஒன்றோடொன்று இணைவதற்குப் பெரும்பாலும் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒரு வலையமைப்பு மற்றொன்றுக்குப் பணம் கொடுத்து, அதன் வழியாக உலகின் எல்லா மூலைகளையும் எட்டுவது ‘டிரான்சிட்’. இரண்டு வலையமைப்புகள் நேரடியாக இணைந்து, தத்தம் வாடிக்கையாளர்களுக்கான தரவை மட்டும் மாற்றிக்கொள்வது ‘பியரிங்’. இதில் பெரும்பாலும் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2016-ல் ஏறத்தாழ 19 லட்சம் பியரிங் உடன்பாடுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எழுத்து வடிவ ஒப்பந்தமே இல்லாமல், வாய்மொழி இசைவில் நடப்பவை என்று தெரியவந்தது. இத்தனை பெரிய தொழில் இப்படி நடப்பது வியப்புக்குரியதுதான். ஆனால் இணைவதால் இரு தரப்புக்குமே டிரான்சிட் செலவு குறைகிறது என்பதால், எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

டிரான்சிட் கட்டணம் கணக்கிடப்படும் முறையையும் கவனிக்க வேண்டும். மாதம் முழுவதும் ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை போக்குவரத்தின் வேகத்தை அளந்து, அவற்றுள் உச்சமான 5 சதவீத அளவுகளைக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றில் மிக உயர்ந்த அளவுக்குக் கட்டணம் விதிப்பது பரவலான வழக்கம். அதாவது, எத்தனை ஜிபி போனது என்பதைவிட, நெரிசல் மிகுந்த நேரத்தில் எவ்வளவு அகலமான குழாய் தேவைப்பட்டது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீடுகளிலும் படம் ஓடும்போது தேவைப்படும் கொள்ளளவை அமைத்துவிட்டால், விடியற்காலை மூன்று மணிக்குப் போகும் தரவுக்கு ஏறக்குறைய கூடுதல் செலவே கிடையாது.

இந்த உச்ச நேரச் சுமையைக் குறைக்கத்தான் நெட்ஃபிளிக்ஸ் 2012 முதல் ‘ஓபன் கனெக்ட்’ என்ற பெயரில் தன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களை, தகுதியுள்ள இணைய நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்து, அவற்றின் வளாகங்களிலேயே நிறுவச் செய்கிறது. கூகுளும் இதே போன்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஒரே படத்தைத் தொலைவிலிருந்து ஆயிரம் முறை இழுக்காமல், நெரிசலில்லாத நேரத்தில் ஒரு முறை கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும்.

கேள்வி: தென்கொரியாவில் இதற்குச் சட்டமே இருப்பதாகப் படித்தேன். அங்கே என்ன நடந்தது? (மதுரை வாசகர்)

பதில்: உலகில் வேறெங்கும் நடக்காத பரிசோதனை அது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேடி, எஸ்கே பிராட்பேண்ட், எல்ஜி யூப்ளஸ் ஆகிய மூன்று பெரிய இணைய நிறுவனங்களும் அதுவரை தங்களுக்குள் கட்டணமின்றித் தரவை மாற்றிக்கொண்டிருந்தன. 2016-ல் நடைமுறைக்கு வந்த விதியோ, தரவை அனுப்பும் நிறுவனம் அதைப் பெறும் நிறுவனத்துக்கு அளவுக்கேற்பப் பணம் தர வேண்டும் என்றது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஃபேஸ்புக்கின் சேமிப்பு சர்வர் கேடி வளாகத்தில் இருந்தது. மற்ற இரு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் அங்கிருந்தே தரவைப் பெற்றார்கள். ஆகவே, மக்கள் விரும்பும் சேவையைத் தன்னிடம் வைத்திருந்ததற்காகவே கேடி போட்டியாளர்களுக்குப் பணம் கட்ட நேர்ந்தது. அந்தச் செலவு தன் தலையில் விழும் என்று கண்ட ஃபேஸ்புக், 2016 டிசம்பர் முதல் மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வெளிநாட்டு வழிகளுக்குத் திருப்பிவிட, அவர்களுக்கு வேகம் சரிந்தது. கொரியத் தகவல்தொடர்பு ஆணையம் 2018-ல் ஃபேஸ்புக்குக்கு 39.6 கோடி வான் (கொரிய நாணயம்) அபராதம் விதித்தது. 2019-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்து வந்தது நெட்ஃபிளிக்ஸ் வழக்கு. எஸ்கே பிராட்பேண்டுக்குப் பணம் தரும் கடமை தனக்கில்லை என்று அறிவிக்கக் கோரி நெட்ஃபிளிக்ஸ் 2020-ல் தொடுத்த வழக்கில், சியோல் நீதிமன்றம் 2021 ஜூனில் அதற்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தொகையை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 செப்டம்பரில், இருவரும் சமரசமாகி வழக்குகளைக் கைவிட்டனர். விளையாட்டு நேரலைத் தளமான ட்விட்ச், தரவுச் செலவைக் குறைக்க முதலில் கொரியாவில் படத் தரத்தை 720 பி-க்கு இறக்கிப் பார்த்தது. பிற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே வலையமைப்புக் கட்டணம் பத்து மடங்கு அதிகம் என்று கூறி, 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சேவையையே மூடிவிட்டது. வேகத்தையும் தளத்தையும் இழந்தவர்கள் கொரியப் பயனாளர்களே.

கேள்வி: தரவை அனுப்புவது நெட்ஃபிளிக்ஸ்தானே, செலவை உண்டாக்குபவர் கொடுப்பதில் என்ன தவறு? (கோவை வாசகர்)

பதில்: நெட்ஃபிளிக்ஸ் தானாக எதையும் அனுப்புவதில்லை, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திக் கேட்ட பிறகே அனுப்புகிறது. அப்படிக் கேட்டுப் பெறுவதற்காகவே அவர் இணைய நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். எனினும் நிறுவனங்களின் வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது: அளவில்லாத திட்டத்தில் வருமானம் நிலையாக நிற்க, உச்ச நேரத் தேவை ஆண்டுதோறும் கூடுகிறது. அந்தச் செலவைச் சந்தாவில் ஏற்றினால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடுவார். நெட்ஃபிளிக்ஸுக்கோ அந்த வாடிக்கையாளரை அடைய வேறு வழி கிடையாது. என் கருத்தில், பேரத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் இணைப்புப் புள்ளிகள் நெரிசலில் திணறி, படங்கள் தடுமாறிய பின், 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் பணம் கொடுத்து நேரடி இணைப்பைப் பெற்றது. அதே ஆண்டில் வெரைசனுடனும் ஏடி அண்டு டியுடனும் அவ்வாறே செய்தது.

கேள்வி: இந்தியாவில் நிலை என்ன? (சென்னை வாசகர்)

பதில்: வலையமைப்புச் செலவில் பெரிய தளங்களிடமிருந்து ‘நியாயமான பங்கு’ கேட்டு இங்குள்ள செல்லுலார் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ அரசிடம் வலியுறுத்தி வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-ல் வெளியிட்ட ஒழுங்குமுறை, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து வாடிக்கையாளரிடம் வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் இணைப்பு உடன்பாடுகள் வேறு விஷயம். ஓபன் கனெக்ட் போன்ற உள்ளடக்கச் சேமிப்பு வலையமைப்புகளை டிராயின் 2017 பரிந்துரைகளே, எல்லாத் தரவையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் நடுநிலை விதியின் வரம்புக்கு வெளியே வைத்தன. ஆகவே உங்கள் பில்லில் தளவாரியாகக் கட்டணம் போட முடியாது. ஆனால் ஒரு தளத்திடம் இணைப்புக்குப் பணம் கேட்பதை அந்த 2016 ஒழுங்குமுறை தடுக்கவில்லை.