கடலைப் பார்ப்பதற்கு முன் கால்வாயைப் பாருங்கள்
வீடு, மனை: கேள்வி-பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் விருகம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது, குழந்தைகள் இல்லை. எனக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, வாரம் 3 நாள் போனால் போதும். அவர் அடையாறில் ஆசிரியை, வாரம் 5 நாளும் போகவேண்டும். கடற்கரைப் பக்கம் குடிபோகலாம் என்று ரொம்ப நாள் ஆசை. நீலாங்கரை, கோவளம், மாமல்லபுரம் மூன்றையும் ஒரு ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தோம். அவருக்கு நீலாங்கரை பிடித்தது, எனக்குக் கோவளம். கையில் முன்பணம் இருக்கிறது, வாங்கவே தயார். எந்த ஊர்?

பதில்: ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) யாரையும் மயக்கும். அன்று மாலை ஏழு மணிக்குத் திருவான்மியூரை நோக்கி அதே சாலையில் திரும்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கேள்வியே கொஞ்சம் மாறியிருக்கும்.

கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று அளந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் பல வருஷம் குடியிருப்பவர்கள் வேறொன்றை அளப்பார்கள். ஈ.சி.ஆருக்கும், உங்கள் சிறுசேரி இருக்கிற ஓ.எம்.ஆருக்கும் (பழைய மாமல்லபுரம் சாலை) நடுவே பல இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. நினைத்த இடத்தில் தாண்ட முடியாது. நீலாங்கரைக்குத் தெற்கே, கார் தாராளமாகப் போகிற குறுக்குச் சாலை என்றால் அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூர் போவது ஒன்று. அதை விட்டால் கோவளம் - கேளம்பாக்கம் சாலை, பிறகு நெம்மேலி - திருப்போரூர் சாலை. கடைசியில் பூஞ்சேரியில் ஓ.எம்.ஆரே வந்து ஈ.சி.ஆரில் சேர்ந்துவிடும். அக்கரைக்கும் கோவளத்துக்கும் நடுவில் உத்தண்டி, கானாத்தூர், முட்டுக்காடு என்று வீடு பிடித்தால், மொட்டைமாடியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஐ.டி. கட்டடத்துக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கும்.

இனி உங்கள் இருவருடைய வாரத்தையும் கூட்டிப் பார்ப்போம். கிலோமீட்டர்கள் எல்லாம் தோராயம்தான். கோவளத்திலிருந்து சிறுசேரி, கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 10. போக வர 20, மூன்று நாளைக்கு 60. கோவளத்திலிருந்து அடையாறு 30-ஐ ஒட்டி வரும். போக வர 60, ஐந்து நாளைக்கு 300. ஆக, கோவளத்தில் உங்கள் பங்கு 60, உங்கள் மனைவியின் பங்கு 300. ஆசை இருவருக்கும் பொது, அலைச்சல் மட்டும் ஒருவருக்கு. உத்தண்டி சுங்கச்சாவடியையும் தினம் இரண்டு முறை தாண்டப்போவது அவர்தான். மாமல்லபுரத்தில் இது இன்னும் மோசம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஈஞ்சம்பாக்கத்தை எடுத்துக்கொண்டால் அடையாறு 12-க்குள், சிறுசேரி அக்கரை வழியாக 15 போல. அவருக்கு வாரம் 120, உங்களுக்கு 90. நீலாங்கரையிலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய இதேதான், அவருக்கு இன்னும் குறையும், உங்களுக்குக் கூடும். நான் ஈஞ்சம்பாக்கம் - அக்கரைப் பகுதியைச் சொல்வதற்குக் காரணம் கால்வாயைத் தாண்டும் வழி அங்கே பக்கம் என்பதுதான். நீலாங்கரைக்கும் துரைப்பாக்கத்துக்கும் பாலம் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. "பாலம் வந்தா ரேட்டு எங்கேயோ போயிடும் சார்" என்று தரகர் சொல்வார். பாலத்தின் மேல் பஸ் ஓடுவதைப் பார்த்த பிறகு அந்த ரேட்டைக் கொடுக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உத்தண்டி வரைக்கும் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கானாத்தூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். குப்பை எடுப்பது, சொத்து வரி, குடிநீர் இணைப்பு எல்லாமே அந்தக் கோட்டில் மாறும்.

சரி, வாங்கலாமா? இப்போது வேண்டாம். ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள், அதில் ஒரு மே மாதமும் ஒரு நவம்பரும் முழுசாக வரட்டும். மறுவிற்பனையில் வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 60 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5 லட்சத்து 40 ஆயிரம் அரசாங்கத்துக்குப் போய்விடும். ஊர் ஒத்துவராமல் இரண்டு வருஷத்தில் விற்றால் அந்தப் பணம் திரும்பாது. தரகர் கமிஷனும் இரண்டு தடவை. ஒரு வருஷ வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாடகைக்குப் போகும்போது பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் அதிக அட்வான்ஸ் செல்லும். அதனால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

ஏன் மே மாதம் என்கிறேன்? தண்ணீருக்காக. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை அடியில் மணல். மழைத் தண்ணீர் அந்த மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். ஒவ்வொரு அடுக்குமாடியும் போர்வெல் போட்டு விடிய விடிய மோட்டார் ஓட்டினால் உப்பு மேலே ஏறிவிடும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி வரும், நாலு வீடு தள்ளி வாயில் வைக்க முடியாது. ஊரின் பெயரை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது, வீடு வீடாகத்தான் பார்க்கவேண்டும்.

எப்படிப் பார்ப்பது? குளியலறைக்குப் போய் ஷவரை நிமிர்ந்து பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் ஓட்டைகளில் பாதி வெள்ளையாக அடைத்திருக்கும், குழாய் மூக்கில் சுண்ணாம்பு பூத்திருக்கும். சோப்பைக் கையில் தேய்த்து நுரை வருகிறதா பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. அதைவிட நம்பகமான சாட்சி வாசலில் உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேனிடம் டேங்கர் லாரி நோட்டு இருக்கும், தேதி போட்டு எழுதியிருப்பார்கள். ஏப்ரல், மே பக்கங்களைப் புரட்டினால் வாரத்துக்கு எத்தனை லோடு என்று தெரிந்துவிடும். வீட்டுக்காரர் "தண்ணிப் பிரச்சனையே கிடையாது" என்பார். அவர் சொல்வது உண்மைதான். லாரி வந்துகொண்டிருக்கிற வரையில் பிரச்சனை இல்லைதானே!

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் வந்தது. "பக்கத்திலேயே ஆலை இருக்கு" என்று சொல்லி விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் போட்டாயிற்றா, இந்த வீட்டுக்கு இணைப்பு வாங்கியாயிற்றா? கையோடு பாதாளச் சாக்கடையையும் கேட்டுவிடுங்கள். செப்டிக் டேங்க்தான் என்றால் அதற்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது உப்புக்காற்று. கடலிலிருந்து முதல் இரண்டு வரிசையில் இருக்கும் பழைய வீடுகளைப் பார்த்தாலே போதும். பால்கனிக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். கம்பி போகிற போக்கிலேயே நேர்க்கோடாக விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது என்று அர்த்தம். பூசி வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள், அதனால் மழை முடிந்த கையோடு பார்ப்பது நல்லது. புது வீடென்றால் கான்கிரீட் எம்30 தரமா, கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடும்படி 'கவர்' விட்டார்களா என்று கட்டியவரிடம் கேளுங்கள். கடற்கரைக் காற்று நேராகப் படுகிற கட்டடத்துக்கு இந்தியத் தரம் அதைத்தான் சொல்கிறது. தயங்காமல் பதில் சொன்னால் நல்ல இன்ஜினியர். ஏ.சி. அவுட்டோர் யூனிட், ஸ்கூட்டர் செயின், கிரில் கேட் எல்லாவற்றுக்கும் ஆயுசு குறைவு என்பதை வீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஈ.சி.ஆருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய வீட்டைவிட, நாலைந்து தெரு உள்ளே தள்ளி, மாலையில் நடந்து போய்க் கடலைப் பார்க்கிற வீட்டைத்தான் எடுப்பேன். காற்று அங்கேயும் வரும்.

நவம்பர் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. மாண்டஸ் புயல் 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. வாடைக்காற்றில் எந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, மின்சாரம் எத்தனை நாள் கழித்து வருகிறது, தெருமுனையில் முழங்கால் தண்ணீரா கணுக்கால் தண்ணீரா என்று ஒரே மழைக்காலம் காட்டிவிடும்.

மீன் வாங்கத்தான் கடற்கரைக்குப் போகிறோம் என்று இருந்தால் ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் எகிறும்.

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், 65-ஐத் தாண்டிவிட்டோம். மாமல்லபுரத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று மலிவாக வருகிறது. இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: இடித்துக் கட்டலாமா என்பதைத் தரகர் சொல்ல முடியாதம்மா. மாமல்லபுரத்தின் சிற்பங்களும் கோயில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆனவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வாங்கித்தான் கட்டமுடியும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கக்கூட அனுமதி வேண்டியிருக்கும். அந்த ஊரில் சின்னங்கள் ஒரே இடத்தில் இல்லை, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நீங்கள் பார்த்த வீடு எந்த வளையத்துக்குள் விழுகிறது என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அனுமதியே கிடைத்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி நெஞ்சுவலி என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கேளம்பாக்கம் வரைக்குமாவது வரவேண்டும். இருவரில் யார் வண்டி ஓட்டுவீர்கள்? இன்னும் பத்து வருஷம் கழித்து? கடலும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும் என்றால் திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் லிப்ட் உள்ள சின்ன வீடு பாருங்கள். திருவான்மியூரில் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, பேருந்து நிலையம் இருக்கிறது, மருந்தீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய்வரலாம். மாமல்லபுரத்துக்கு மாதம் ஒரு தடவை போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கோவளத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த மனை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, நாளைக்கே வீடு கட்டலாம்" என்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான எங்களுக்கு இது சரிவருமா?

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அனுமதி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லாத மனையை 2016 அக்டோபர் 20-க்கு முன்பே யாராவது வாங்கிப் பதிவு செய்திருந்தால், வரன்முறைப்படுத்திய உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த மனை என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டலமும் குறுக்கே வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் உண்டு, அதில் கடலை ஒட்டிய பகுதியில் கட்டவே கூடாது. எவ்வளவு தூரம் என்பது அந்த இடத்தின் வகைப்பாட்டைப் பொறுத்தது. சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்டக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் ஒத்துப்பாருங்கள். முப்பது வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் வக்கீல் பார்க்கட்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள், தம்பி. பேரம் பேசிக் குறைக்கிற விஷயமில்லை இது.

கேள்வி: பாலவாக்கத்தில் ஒரே அடுக்குமாடியில் தரைத்தளமும் இரண்டாம் மாடியும் ஒரே வாடகைக்கு வருகின்றன. நாங்கள் இருவர் மட்டும். எது?

பதில்: இரண்டாம் மாடி. மணலும் கொசுவும் குறைவு, காற்று அதிகம், மழைத் தண்ணீர் கதவைத் தட்டாது. லிப்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அதே ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.