யுரேனிய விகிதம் அளவீட்டின் நடுவே ஏன் நகர்கிறது?

ஆய்வக வேதியியலாளர் ஒருவரின் கேள்வி: வெப்ப அயனியாக்க நிறை நிறமாலைமானியில் (மாதிரியைச் சூடாக்கி அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இயற்கை யுரேனியத்தின் 235, 238 ஆகிய ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) 235/238 விகிதத்தை அளக்கும்போது, தொடக்கத்தில் 0.00728 என்றும் முடிவில் 0.00723 என்றும் வருகிறது. எதை அறிக்கையில் எழுதுவது? 236 நிறையிலும் சிறு சைகை தெரிகிறது, அது மாசா?

இரண்டில் எதையும் எழுத வேண்டாம். நடுவிலிருந்து ஒரு மதிப்பைப் பொறுக்கி எடுப்பதும் சரியாகாது. கருவி பழுதடையவில்லை, மாதிரியைத் தாங்கும் சூடான ரீனியம் உலோக இழையிலிருந்து இலேசான 235 சற்று முந்தி ஆவியாகிவிடுவதால், இழையில் எஞ்சுவதில் 238-இன் பங்கு கூடிக்கொண்டே போகிறது. இந்த நகர்வு ஆயிரத்தில் சில பங்குதான் என்றாலும், அணுப்பொருள் தவறான வழியில் போகாமல் பார்க்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு அது பெரிது. 1972-இல் பிரான்சின் பியர்லாத்தில் ஒரு யுரேனிய மாதிரியில் 235-இன் அளவு வழக்கமான 0.7202 விழுக்காட்டுக்குப் பதிலாக 0.7171 எனத் தெரியவந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே இயங்கிய அணு உலைகள் தெரியவந்தன. அந்த வேறுபாடு உங்கள் நகர்வைவிடவும் சிறியது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முழு ஆவியாதல் முறைக்கு மாறுங்கள். இழையில் வைத்த யுரேனியம் தீரும்வரை எல்லா ஐசோடோப்புகளின் அயனி மின்னோட்டங்களையும் ஃபாரடே கிண்ணங்களில் (அயனிகளைப் பிடித்து மின்னோட்டமாக அளக்கும் உலோகக் கிண்ணங்கள்) ஒரே நேரத்தில் சேகரித்து, 235-இன் மொத்தத்தை 238-இன் மொத்தத்தால் வகுக்க வேண்டும். முன்னே மிகுந்ததும் பின்னே குறைந்ததும் அந்தக் கூட்டலில் ஈடாகிவிடும். நொடிக்கு நொடி கிடைக்கும் விகிதங்களைச் சராசரி எடுப்பது இதற்குச் சமமன்று, ஏனெனில் சைகை வலுவான நேரத்துக்கும் மெலிந்த நேரத்துக்கும் அது ஒரே எடையைத் தந்துவிடுகிறது. அப்படியும் எஞ்சும் சிறு பிழையை, சான்றளிக்கப்பட்ட தரப்பொருளை (விகிதம் முன்பே உறுதியாகத் தெரிந்த மாதிரி) அதே நாளில், அதே முறையில் அளந்து திருத்துங்கள். அப்போது பாடநூலின் 238/235 மதிப்பை நம்பாமல் சான்றிதழில் உள்ளதையே எடுங்கள்: பல பத்தாண்டுகள் 137.88 எனக் கொள்ளப்பட்டது, 2012-இல் 137.818 எனத் திருத்தி முன்வைக்கப்பட்டது.

பெரும்பாலான தவறு துளி வைக்கும் மேசையில்தான் நடக்கிறது என்பது என் கருத்து. இழையில் வைத்த ஒரு மைக்ரோலிட்டர் நைட்ரேட் கரைசல், மின்னோட்டம் ஏற ஏற, மஞ்சளாகக் காய்ந்து, செம்மஞ்சளாகி, பின் கருமையடையும். ஓர் இழையைச் செம்மஞ்சளிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததை மங்கலான சிவப்பு ஒளிவரை கொண்டுபோனால், இரண்டிலும் இருப்பது வெவ்வேறு ஆக்சைடு; அவை ஆவியாகும் விதமும் வேறுபடும். மாதிரிக்கும் தரப்பொருளுக்கும் யுரேனிய அளவு, அமிலச் செறிவு, சூடேற்றும் படிகள் மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இனி 236. இயற்கை யுரேனியத்தில் அது நூறு கோடியில் ஒரு பங்குக்கும் மிகக் கீழே இருப்பதால், உங்கள் கருவியில் தெரிவது தாதுவிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பில்லை. அணு உலையில் 235 ஒரு நியூட்ரானை ஏற்று பிளவுறாமல் நின்றால் 236 உருவாகிறது. எனவே பாதுகாப்புக் கண்காணிப்பு ஆய்வாளர்கள் அதை உலையில் இருந்து வந்த பொருளின் அடையாளமாகவே படிப்பார்கள். தவறுதலாக எழுதினால் வீண் சந்தேகம் கிளம்பும்.

முதலில் 235.7, 236.3 ஆகிய நிறைகளில் அளந்து பாருங்கள். 238-இன் வால், அதாவது அதன் வலுவான சைகை பக்கத்து நிறைகளுக்கும் சிதறிப் பரவும் பகுதி, அங்கே சரிவாக மட்டுமே தெரியும். அதைக் கழித்த பின்னும் 236-இல் முகடு நின்றால், அது 235-இன் ஹைட்ரைடாகவோ (ஒரு ஹைட்ரஜன் ஒட்டி நிறை 236 ஆனது) முந்தைய மாதிரியின் எச்சமாகவோ இருக்கலாம். ஹைட்ரைடின் அளவை 239/238 விகிதம் காட்டிவிடும் (மாதிரியில் புளூட்டோனியம் இல்லாதபோது மட்டும்). அந்த விகிதத்தை 235-இன் சைகையால் பெருக்கிக் கழியுங்கள். அதற்குப் பின்னும் எஞ்சினால், துளி வைக்காத வெற்று இழை ஒன்றை ஓட்டுங்கள். அதிலும் 236 தெரிந்தால் அயனி மூலத்தின் (கருவியில் அயனிகள் உருவாகும் பகுதி) தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, முழு வரிசையையும் மீண்டும் அளக்க வேண்டும்.