குடும்பத்தில் ஒருவருக்கு மயக்க மருந்தால் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (தசை இறுகி, உடல் சூடு ஆபத்தாக ஏறும் பரம்பரைக் கோளாறு) வந்தது. மற்றவர்களுக்கும் வருமா என்பதைத் தொடைத் தசையை வெட்டாமல் இரத்தத்திலேயே பார்க்க முடியாதா?

பல நேரம் முடியும். ஆனால் ‘இருக்கிறது’ என்று சொல்லத்தான் இரத்தம் போதும். ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல இன்னும் தசை வேண்டும்.

தசைச் சோதனையில் தொடையிலிருந்து எடுத்த துண்டை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, சிலவற்றுக்கு கஃபீனும் சிலவற்றுக்கு ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவும் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். ஐரோப்பிய முறைப்படி, கஃபீன் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டுமுன்போ ஹாலோத்தேன் 2 சதவீதத்தைத் தாண்டுமுன்போ 2 மில்லிநியூட்டன் அளவு இறுகினால் பாசிட்டிவ். தசை உயிரோடு இருக்கவேண்டும், எடுத்த 5 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். அதனால் சாம்பிளை அனுப்பிவைக்க வழியில்லை. ஆளே அந்த மையத்துக்குப் போகவேண்டும். வெட்டும் தசைக்குள்ளேயே மரப்பு ஊசி போட்டால் முடிவு கெட்டுவிடும். சின்னக் குழந்தைகளுக்குச் செய்வதும் இல்லை.

மாற்றுகளில் நல்ல யோசனை, 2002இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது: மெல்லிய குழாய் வழியாகத் தசைக்குள் துளி கஃபீன் செலுத்தி, அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. குறையுள்ள தசையில் கால்சியம் அளவுமீறி வெளியேறும், எரிசக்திச் செலவு கூடும், வாயு ஏறும். தர்க்கம் சரிதான். ஆனால் மருந்து தசைக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குழாய் குத்திய காயமே அளவைக் கலைக்கும். தசையில் கால்சியத்தை வெளிவிடும் ஆர்ஒய்ஆர்1 (RYR1) புரதம், இரத்தத்தின் பி லிம்போசைட் என்ற வெள்ளை அணுவிலும் இருக்கிறது; அதைத் தூண்டும் குளோரோகிரெசால் சேர்த்துக் கால்சியத்தை அளக்கலாம். ஆனால் அந்த அணுவில் தசையின் முழு இயந்திரம் இல்லை, அதனால் வேறு மரபணுவில் உள்ள கோளாறு தப்பிவிடலாம். வெறும் சிகே (தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் நொதி) அளவை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

நடைமுறையில் மரபணுச் சோதனைதான் கைகொடுக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவருக்கே செய்யவேண்டும்: ஆர்ஒய்ஆர்1 மரபணு முழுவதும் (106 எக்ஸான்கள், அதாவது மரபணுத் துண்டுகள்), கூடவே சிஏசிஎன்ஏ1எஸ் (CACNA1S), ஸ்டாக்3 (STAC3) என்ற மரபணுக்கள். நோய்க்காரணம் என்று உறுதியான மாற்றம் கிடைத்தால், உறவினர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். அது இருந்தால் தசையை வெட்டும் பயாப்ஸி வேண்டாம். இல்லாவிட்டால் அபாயம் வெகுவாகக் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. சில குடும்பங்களில் இரண்டாவது மாற்றமும் ஓடுகிறது. அர்த்தம் தெரியாத மாற்றம் என்று ரிப்போர்ட் வந்தால் அதை நெகட்டிவ் என்று எண்ணிவிடாதீர்கள்.

முடிவு வரும்வரை குடும்பத்தில் எல்லாருமே மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: செவோஃப்ளூரேன் வகை வாயுக்களும் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினும் கூடாது, நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரோப்போஃபால், முதுகுத்தண்டு ஊசி பரவாயில்லை. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்பது ஆதாரம் ஆகாது. பலருக்கு முந்தைய மயக்கங்கள் சாதாரணமாகவே போயிருக்கின்றன.