தோப்பை விற்க வேண்டாம், பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பம் ஒன்று சென்ற வாரம் ஆலோசனைக்கு வந்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவில் கணினியின் முன் உட்கார்ந்து, சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். படிப்பு கெட்டுவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். தாய்மாமனுக்கு அதுவே பெருமை. “இரண்டு ஏக்கரை விற்றால் பைலட் ஆகிவிடுவாள். நம் சொந்தத்தில் வேறு யார் வீட்டில் பைலட் இருக்கிறார்கள்?” என்கிறார். அப்பா வாய் திறக்கவில்லை. நிலத்தை விற்கும் பேச்சு ஏற்கெனவே தரகர் வரை போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மாவுக்கு நேரில் சொன்னதையே, இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காகவும் எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மகள் அங்கே வீண்பொழுது போக்கவில்லை. செஸ்னாவின் காக்பிட்டை ஒழுங்காக இயக்குவதற்குப் பொறுமை வேண்டும். எரிபொருள் குமிழ் இரண்டு தொட்டிகளுக்கும் திறந்திருக்கிறதா, எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் நெம்புகோல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஓடுபாதைக்குப் போகும் முன் எஞ்சினைச் சற்று வேகமாகச் சுழலவிட்டு, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்ற கருவிகள் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று கவனிக்க வேண்டும். திசை காட்டும் கருவி நேரம் ஆக ஆக விலகும் என்பதால் அவ்வப்போது காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இவற்றை அவள் பட்டியல் பார்த்து வரிசை தவறாமல் செய்கிறாள்.

இதற்கு மேல் ஆறுதல் சொல்லப் போவதில்லை. பைலட் படிப்புக்காக நிலத்தை விற்பது தவறு. உங்கள் தம்பிக்கு வருத்தமாக இருந்தாலும் தவறுதான்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் உண்மையான விமானத்தில் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் பறந்த ஒரு மணி நேரம்கூட அந்தக் கணக்கில் சேராது. உரிமம் பெறுவதற்குள் அரைக்கோடி ரூபாய் கரைவது சாதாரணம். அதன் பிறகு, விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான வகைப் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் வேண்டும். இவ்வளவும் செலவழித்த பிறகு வேலை உறுதியா என்றால் இல்லை. உரிமத்தோடு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்திலும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பறக்கும் பழக்கமும் விட்டுப்போகக் கூடாது. எல்லாம் கைக்காசு. இன்னொன்றையும் யோசியுங்கள். உரிமத்துக்குக் கல்வித்தகுதி பிளஸ் டூதான். வேலை கிடைக்காவிட்டால் அவள் கையில் ஒரு பட்டம்கூட இருக்காது, தோப்பும் இருக்காது.

செலவை ஒதுக்கிவைத்தாலும் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காரணம், அவள் பேசிய பேச்சு. பறப்பதில் என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். மேகம், வேகம், மலைமேல் பறப்பது என்று எதுவும் வரவில்லை. வாட்சிம் என்ற இணைய வலையமைப்பைப் பற்றியே நிறுத்தாமல் பேசினாள். உலகம் முழுவதும் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் அதில் ஒரே வானத்தில் பறக்கிறார்கள். தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து, உண்மையான வானொலி மொழியில் அவர்களை வழிநடத்துகிறார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. இவள் தன் செஸ்னாவைக் கோவை ஓடுபாதையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் இறங்கும் வரிசையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நோட்டைக் காட்டினாள். யார் எந்த உயரத்தில் வருகிறார், யாருக்கு முதலில் அனுமதி, யார் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது எண்ணைத் தவறவிட்டார் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

கோவை ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கும் 05, 23 என்று எண்கள். ஒன்று வடகிழக்கு நோக்கி, மற்றது தென்மேற்கு நோக்கி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது, அதை எதிர்கொண்டு இறங்க 23 தான் ஏற்றது என்று அவளே விளக்கினாள். இந்தப் பிள்ளையின் மனம் விமானியின் இருக்கையில் இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் முறைவைத்து மடைதிறந்து விடுபவரைப்போல், வருகிற விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக விடும் இருக்கையில் இருக்கிறது.

அந்த இருக்கைக்குச் சம்பளம் உண்டு, அரசு வேலை, படிப்புச் செலவும் குறைவு. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலை அது. நம் பகுதியில் இதைப் பற்றிக் கேட்டு வரும் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கு இளநிலை நிர்வாகி என்ற பதவியில் ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்றாண்டு பி.எஸ்சி. போதும். பொறியியல் படித்தவர்கள் எந்தப் பிரிவாக இருந்தாலும், ஏதாவது ஒரு பருவத்தில் இயற்பியலும் கணிதமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது உச்சவரம்பு 27, பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் பட்டியல் இனத்தவருக்கு 5 ஆண்டும் தளர்வு. கணினி வழித் தேர்வில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். பாதி ஆங்கிலம், பொது அறிவு, தர்க்கம், மறுபாதி கணிதமும் இயற்பியலும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேறியவர்களுக்குக் குரல் சோதனை உண்டு, வானொலியில் தெளிவாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பார்கள். உளவியல் சோதனை, மருத்துவச் சோதனை, போதைப்பொருள் சோதனை ஆகியவையும் உண்டு.

தேர்வானவர்களை ஆணையமே பயிற்சி மையத்துக்கு அனுப்புகிறது. பிரயாக்ராஜில் இருக்கும் மையம் 1948 முதல் இயங்குகிறது. அங்கேயும் சிமுலேட்டர்தான், ஆனால் திரையில் ஓடும் விமானங்களைக் கோபுரத்திலிருந்து பார்க்கிற சிமுலேட்டர். இரண்டு விமானங்களுக்கு நடுவே செங்குத்தாக 1,000 அடி இடைவெளி காப்பது, நான்கிலக்க அடையாளக் குறியீட்டை ஒதுக்குவது, விமானி திருப்பிச் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு சரிபார்ப்பது என எல்லாம் அங்கே பாடம். உங்கள் மகள் 7700 என்றால் நெருக்கடி, 7600 என்றால் வானொலி பழுது என்று இப்போதே சொல்கிறாள். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கி 1,40,000 வரை போகும் படிநிலை. அண்மை அறிவிப்புகளில் ஆண்டுக்கு மொத்தம் ஏறத்தாழ 13 லட்சம் என்று ஆணையமே குறிப்பிட்டிருக்கிறது.

கடினங்களையும் மறைக்கக் கூடாது. அறிவிப்பு எல்லா ஆண்டும் வருவதில்லை. 2022இல் 400 இடங்கள், 2023இல் 496, 2025இல் 309. நாடு முழுவதும் இருந்து விண்ணப்பிக்கிறார்கள், போட்டி கடுமை. இரவுப் பணி உண்டு. கோவையில்தான் வேலை என்று யாரும் உறுதி தர முடியாது, வடகிழக்கு மூலைக்கும் அனுப்பலாம். பயிற்சிக்குப் பிறகு 3 ஆண்டு வேலை செய்வதாக 7 லட்சம் ரூபாய்க்கு உறுதிப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று அப்பா முதல்முறையாக வாய் திறந்தது இதைக் கேட்டபோதுதான். ஐயா, பைலட் பயிற்சிக்கு அனுப்பத் துணிந்த நீங்கள் சம்பளத்தோடு போகும் ஊருக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

தேர்வில் வெற்றி பெறாவிட்டால்? பி.எஸ்சி. கையில் இருக்கும். எம்.எஸ்சி., பி.எட்., வங்கித் தேர்வு என்று நீங்கள் அறிந்த வழிகள் எல்லாம் திறந்தே இருக்கும். பொறியியல் கலந்தாய்வைப் பற்றி உங்கள் உறவினர்கள் என்னைவிட அதிகம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை.

ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். 1852இல் தொடங்கிய கோவை அரசு கலைக் கல்லூரியாக இருந்தாலும், கோபி, ஈரோடு, திருப்பூர் கல்லூரிகளாக இருந்தாலும், சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். மதிப்பெண் பட்டியலில் இயற்பியல், கணிதம் இரண்டும் பெயரோடு வர வேண்டும். ‘துணைப்பாடமாக வந்துவிடும்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கன்சல்டன்சி என்ற பெயரில் பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில்தான். அண்மை அறிவிப்புகளில் பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை.

சிமுலேட்டரைப் பிடுங்கி வைக்காதீர்கள். பிளஸ் டூ தேர்வு முடியும் வரை வாரக் கடைசியில் மட்டும் என்று அவளோடு பேசி முடிவுசெய்யுங்கள். அந்த நேரத்தில் வாட்சிமில் கட்டுப்பாட்டாளர் பயிற்சிக்கு அவள் பதிவுசெய்துகொள்ளட்டும். அங்கும் தேர்வு வைத்துத்தான் பொறுப்பைத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் தயங்காமல் பேச இதைவிட நல்ல பழக்கம் கிடைக்காது.

பட்டம் முடித்து, சொந்தச் சம்பளம் வந்த பிறகும் விமானி ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கே இருந்தால் அப்போது போகட்டும். அந்த ஆசை உங்கள் தம்பியுடையதாக இருந்தால் செலவை அவரே ஏற்கட்டும். தரகரிடம் இன்றே போன் செய்து நிலம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது, சேர நினைக்கும் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எடுத்து வாருங்கள். தாய்மாமனையும் அழைத்து வாருங்கள், மகள் அவருக்கு அந்தக் குறிப்பேட்டை விளக்கட்டும்.