குருளைக்கு எதிரி யார்? வாசகர் கேள்வி - பதில்

கே: குட்டி ஈன்ற சிங்கம் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போவது ஏன்? கூட்டத்தோடு இருப்பதுதானே பாதுகாப்பு? (வாசகி, திண்டுக்கல்)

ப: முதல் ஆறு, ஏழு வாரத்துக்கு அப்படியில்லை. சுமார் 110 நாள் சூலுக்குப் பின் பிறக்கும் குருளை ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கும். (பள்ளி இலக்கணத்தில் ‘சிங்கக் குருளை’ படித்திருப்பீர்கள், நல்ல சொல், அதையே வைத்துக்கொள்வோம்.) கூட்டத்தில் பெரிய குட்டிகள் இருந்தால் மடியில் இதற்கு இடமே கிடைக்காது. ஆகவே தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் தாய் ஒரு பாறை இடுக்கையோ ஓடைக்கரைப் புதரையோ தேடிப் போகிறது. ஒரே இடத்தில் இருந்தால் வாடை சேர்ந்து கழுதைப்புலியைக் கூட்டி வந்துவிடும். அதனால் சில நாளுக்கொரு முறை பிடரியைக் கவ்வி இடம் மாற்றும். மூன்று குருளை என்றால் மூன்று நடை. ஒன்றைக் கொண்டு போகும்போது மற்றவை காவலின்றிக் கிடக்கும். தாய் வேட்டைக்குப் போனாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் எருமைக் கூட்டம் வந்தால் மிதித்தே கொன்றுவிடும்.

கே: பிறகு எல்லாத் தாயும் எல்லாக் குட்டிக்கும் பால் கொடுக்குமாமே? (வாசகர், கும்பகோணம்)

ப: கொடுக்கும் என்பதைவிடக் களவு போகும் என்றால் பொருத்தம். காம்பு நான்குதான். தாய் விழித்திருக்கும்போது பிறர் குட்டி வந்தால் உறுமும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். கண் அயர்ந்ததும் அந்தக் குட்டி பின்பக்கமாக வந்து, அவள் பிள்ளைகளுக்கு நடுவே தலையை நுழைத்துவிடும். தனக்கு ஒரே குட்டி உள்ளவள் அவ்வளவாக விரட்டுவதில்லை. பால் பொதுவோ இல்லையோ, காவல் பொது. தாய்கள் சேர்ந்திருப்பதன் உண்மையான பலன் அதுதான்.

கே: புதிதாக வரும் ஆண் சிங்கம் குட்டிகளைக் கொல்வது வெறியா, பசியா? (வாசகர், தேனி)

ப: இரண்டும் இல்லை, காலக்கணக்கு. ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டத்தைப் பிடிக்கும். பிடித்த இடம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுதான் கையில் நிற்கும். குருளைகளை வளர்க்கும் தாயோ அவை ஒன்றரை வயதைத் தாண்டும்வரை மறுபடி இணைவதில்லை. குருளைகள் செத்தால் சில நாளிலோ வாரத்திலோ இணைந்துவிடும். செரெங்கெட்டியில் முதல் ஆண்டுச் சாவுகளில் ஏறத்தாழ கால் பங்கு இப்படி நடப்பதுதான்.

தாய்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. ஒலிபெருக்கியில் கர்ஜனையை ஒலிக்கவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். தங்கள் கூட்டத்து ஆணின் குரலுக்குத் தாய்கள் அசையவில்லை. அந்நியக் குரல் கேட்டதும் எழுந்து, சிறு குட்டிகளைத் திரட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நகர்ந்தன. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து பாய்ந்தால் தனி ஆண் பின்வாங்குவதும் உண்டு. தனித் தாயால் முடியாது. ஒரு வயதை ஒட்டிய குட்டிகள் ஓடித் தப்பலாம், ஆனால் கூட்டத்தில் இடமிருக்காது.

இதற்குப் பின் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதிய ஆண்களோடு இணைந்தாலும் பெண்கள் சில மாதம் கருத்தரிப்பதில்லை. வந்தவர்கள் நிலைப்பார்களா என்று பார்க்கும் காலம் அது. பிறகு எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈனுகிறார்கள். முன் பதிலில் சொன்ன பொதுக்காவல் இப்படித்தான் அமைகிறது. காலம் தப்பித் தனியாகப் பிறக்கும் குருளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கே: எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குட்டியைப் படம் எடுக்கிறார்களே, ஒரு துண்டு இறைச்சி போட்டால் என்ன? (வாசகி, நாகர்கோவில்)

ப: கேட்க வேண்டிய கேள்விதான். நூ எனப்படும் காட்டுமாட்டு மந்தை மழையைத் தொடர்ந்து வடக்கே போனதும் சமவெளிக் கூட்டங்களுக்குப் பஞ்சம். மிஞ்சுவது காட்டுப்பன்றி, சிறு மான். நான்கு பெரிய சிங்கங்கள் விழுந்தால் ஒரு பன்றி சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பந்தியில் குருளை கடைசி. தாய்கூட உறுமித் தள்ளும். பஞ்சத்தில் தாய் செத்தால் அடுத்த ஈற்றும் இல்லை என்பதால், கொடுமையாகத் தெரிந்தாலும் அந்த வரிசை மாறாது. ஒரு துண்டு போட்டால் ஒரு நாள் ஓடும், பஞ்சமோ மாதக்கணக்கில். வண்டியில் இறைச்சி வரும் என்று பழகிய சிங்கம் பின்னாளில் ஊருக்குள் போய்ச் சாகும்.

மனிதன் இழைத்த கேடு வேறு. கம்பிக் கண்ணி கழுத்தில் இறுகினால் மருத்துவர்கள் மயக்க ஊசி போட்டு அறுத்தெடுக்கிறார்கள். 1994இல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒன்றைக் கொன்றது. அதன் பிறகு சுற்றுக் கிராமத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

கே: பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும் குட்டிகளை ஆண்டுக்கணக்கில் எப்படி அடையாளம் வைக்கிறார்கள்? (வாசகர், ஈரோடு)

ப: மீசைப் புள்ளிகளை வைத்து. மீசை வரிசைகளில் முழுமையான மேல் வரிசைக்குச் சற்று மேலே சில புள்ளிகள் மட்டும் தனியாக இருக்கும். அந்த முழு வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேராக அவை நிற்கின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். இடக் கன்னத்துக் கணக்கு வேறு, வலக் கன்னத்துக் கணக்கு வேறு; இரண்டு பக்கமும் படம் வேண்டும். சாகும்வரை மாறாது. 1966இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய செரெங்கெட்டி ஆய்வு தலைமுறை தலைமுறையாக நீண்டது இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்ததால்தான். வயதுக்கு மூக்கைப் பார்க்கலாம்: குருளையில் இளஞ்சிவப்பு, ஐந்து வயது வாக்கில் பாதி கறுத்திருக்கும்.

கே: நம் கிர் காட்டிலும் இதே கதைதானா? (வாசகர், சேலம்)

ப: ஆண்கள் கொல்வது அங்கும் உண்டு. ஆனால் கிரில் ஆண்கள் பெண்களோடு கூடி வாழ்வதில்லை, வந்து போகிறார்கள். பெண்ணோ அக்கம்பக்கத்து ஆண் அணிகள் பலவற்றோடு இணைகிறது. பிறக்கும் குருளை தன்னுடையதாக இருக்கலாம் என்று எந்த ஆணும் கை வைக்கத் தயங்கும்.