வசேடா, கெய்யோ, டோக்கியோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வசேடா–கெய்யோ பேஸ்பால் ஆட்டத்துக்கு ஏன் அத்தனை ஆர்ப்பாட்டம்? இரண்டும் கல்லூரி அணிகள்தானே? (திருச்சி வாசகர்)

வசேடாவும் கெய்யோவும் ஜப்பானின் டோக்கியோ நகரில் எதிரெதிராக நிற்கும் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள். அந்தக் காலத்தில் கல்லூரி அணிதான் பெரிய அணி. தொழில்முறை லீக் 1936இல்தான் வந்தது. 1903இல் வசேடா மாணவர்கள் கெய்யோவுக்குச் சவால் கடிதம் அனுப்பினார்கள். ஆட்டத்தில் கெய்யோ 11-9 என்று ஜெயித்தது. 1906இல் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து நின்றபோது, மூன்றாவதில் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்களோ என்று பயந்து போட்டியையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி மோதியது 1925இல். பத்தொன்பது வருடம்! பங்காளிச் சண்டைகூட அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

விளையாட்டையும் அரசியலையும் ஒன்றாகப் பார்த்தவர் யாராவது உண்டா? (மதுரை வாசகர்)

அபே இசோ. கிறிஸ்தவர், சோஷலிஸ்ட், வசேடா பேராசிரியர். 1901இல் நண்பர்களோடு சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். தொடங்கிய கையோடு அரசு தடை போட்டது. அதே மனிதர் 1905இல், ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்தபோதே, வசேடா பேஸ்பால் அணியை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். 1928இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். வசேடாவின் பழைய மைதானத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் பல்கலைக்கழக மைய நூலகம் நிற்கிறது.

போர்க்காலத்தில் இந்த ஆட்டம் என்ன ஆனது? (யாழ்ப்பாண வாசகர்)

இதைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. பேஸ்பால் எதிரி நாட்டு விளையாட்டு என்று பெயராகி, 1943இல் பல்கலைக்கழக லீக்கையே கலைத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கலை, சட்டம் படித்தவர்களுக்கு இருந்த படைச் சேர்ப்பு விலக்கும் போயிற்று. போர்முனைக்குப் போகுமுன் ஒரே ஒரு முறை ஆடிவிடுவோம் என்று கெய்யோ மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். வசேடா நிர்வாகம் தயங்கியது. பேஸ்பால் குழு விடவில்லை. அக்டோபர் 16 அன்று, மேலே சொன்ன அதே மைதானத்தில் ஆடினார்கள். வசேடா 10-1.

கெய்யோவின் தலைவர் கொய்சுமி ஷின்சோ, தனக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். கடற்படையில் இருந்த அவர் மகன் முந்தைய ஆண்டுதான் போரில் இறந்திருந்தார். ஐந்தே நாள் கழித்து, கொட்டும் மழையில், துப்பாக்கி ஏந்திய மாணவர் அணிவகுப்பு நடந்தது. அன்று ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

பிரதமர்கள் எல்லோரும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்தானா? (கொழும்பு வாசகர்)

இல்லை. அதன் சட்டத்துறை, அரசு அதிகாரிகளை உருவாக்கும் பட்டறை. அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் நிறைய. வசேடாவின் வழி வேறு. 1881இல் அரசிலிருந்து வெளியேற்றப்பட்ட ஓகுமா ஷிகெனோபு மறு வருடமே தொடங்கிய பள்ளி அது, எதிர்க்கட்சிக் காற்று ஆரம்பத்திலேயே உண்டு. அங்குள்ள பேச்சு மன்றத்தில் பழகியவர்களில் தகேஷிதா, கைஃபு, ஒபுச்சி, மோரி ஆகியோர் பிரதமரானார்கள். மோரி ரக்பி ஆடத்தான் உள்ளே நுழைந்தார். சில மாதத்தில் அதை விட்டுவிட்டு மேடைக்குப் போனார். பிற்பாடு ரக்பி சங்கத்துக்கே தலைவரானது தனிக்கதை.

இலக்கியத்தில் எந்தப் பக்கம் கை ஓங்கியது? (சென்னை வாசகர்)

அங்கும் கட்சி கட்டினார்கள். த்சுபோஉச்சி ஷோயோ 1891இல் 'வசேடா இலக்கியம்' என்ற இதழைத் தொடங்கினார். கெய்யோவில் நகாய் கஃபூ 1910இல் 'மிதா இலக்கியம்' கொண்டுவந்தார் (மிதா, கெய்யோ இருக்கும் இடம்). என் ஓட்டு வசேடாவுக்கு என்றாலும், இரு நோபல் எழுத்தாளர்களும், கவாபாதாவும் ஓஎவும், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்பதை மறைக்க முடியாது. நாவலாசிரியர் ஹருகி முரகாமி வசேடாவில் நாடகம் படித்தார், ஏழு வருடம் எடுத்துக்கொண்டு. அவர் பேரில் அங்கே 2021இல் ஒரு நூலகம் திறந்தார்கள்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டே கிடையாதா? (கோவை வாசகர்)

ஏன் இல்லை? 1872இல் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் ஜப்பானில் பேஸ்பாலைச் சொல்லிக்கொடுத்ததே அதன் முன்னோடிப் பள்ளியில்தான். அங்கே படித்து, பட்டம் வாங்காமல் போன ஹைக்கூ கவிஞர் மசாஓகா ஷிகி, பேஸ்பால் பைத்தியம். 2002இல் அவரை பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். ஆனால் வசேடாவும் கெய்யோவும் ஆடும் ஆறு பல்கலைக்கழக லீக்கில் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு இதுவரை ஒரு கோப்பைகூட இல்லை. 1946இல் இரண்டாமிடம், அவ்வளவுதான். 2010இலிருந்து தொடர்ந்து 94 தோல்வி. 2015 மே மாதம் அதே லீக்கின் ஹோசெய் பல்கலைக்கழக அணியை 6-4 என்று ஜெயித்தபோதுதான் அது முடிந்தது.